நோயுற்ற குழந்தையின் கட்டிலருகே பெற்றோர்

(மொன்றியலில் தமிழ்ப் பெற்றோருக்கும் இளையோருக்குமாக நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தன் குழந்தைக்குப் புற்றுநோய் என்று அறியும் தாயின் மனதில் முதலில் எழுவது, "என்ன பிழை செய்தேன்?" என்ற கேள்வியே. ஊட்டிய உணவா, நாவூறா, முன்வினையா என்று அவள் தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றாள். உறவினரின் விசாரிப்புகளும் சில வேளைகளில் அப்புண்ணைக் கிளறிவிடுகின்றன. குழந்தைகளின் குருதிப் புற்றுநோய் தொற்றுநோயன்று. பெற்றோரின் கவனக்குறைவால் வருவதுமன்று. இதனை முதலில் மனதில் இருத்துதல் வேண்டும். ஏனெனில், குற்றவுணர்வில் அமிழ்ந்தவரால் துணைநிற்க இயலாது. பெற்றோரின் துணையோ சிகிச்சையின் ஒரு பகுதியாகும்.

இவ்வுண்மையை மருத்துவ உலகமே காலந்தாழ்த்தித்தான் ஏற்றுக்கொண்டது. முன்னர் மேலைநாட்டு மருத்துவமனைகள் பல, குறித்த சில மணி நேரங்களில் மட்டுமே பெற்றோரை உள்ளே விட்டன. 1952 இல் ஜேம்ஸ் றொபேட்சன் என்பவர், இலண்டன் மருத்துவமனையொன்றில் தாயைப் பிரிந்திருந்த இரண்டு வயதுச் சிறுமியின் தவிப்பைப் படம்பிடித்துக் காட்டினார். 1959 இல் பிரித்தானியாவின் பிளாட் குழு, பெற்றோர் தடையின்றி வந்துபோக இடமளிக்குமாறு பரிந்துரைத்தது. இன்று, 1907 இல் தொடங்கப்பெற்ற மொன்றியல் சென் ஜூஸ்தின் மருத்துவமனையிலும், மொன்றியல் சிறுவர் மருத்துவமனையிலும் தாயோ தந்தையோ கட்டிலருகே இரவு தங்குவது வழமையாகிவிட்டது.

நம்பிக்கைக்கும் வலுவான ஆதாரம் உண்டு. சிறுவருக்கு வரும் புற்றுநோய்களுள் அதிகம் காணப்படுவது, லிம்போபிளாஸ்ரிக் எனப்படும் கடுங் குருதிப் புற்றுநோய். ஒரு காலத்தில் அது மரண தண்டனைக்கு ஒப்பாயிருந்தது. 1948 இல் பொஸ்ரனில் சிட்னி பார்பர், 16 சிறுவர்களுள் பத்துப் பேரிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்ததை அறிவித்தார். அம்மருந்தை வழங்கியது, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற சுப்பாராவ் தலைமையிலான ஆய்வுகூடம். அதே வகையைச் சேர்ந்த மெதோட்றெக்சேற் இன்றும் பயன்படுகின்றது. வசதிமிக்க நாடுகளில் இந்நோய்க்கு உள்ளாகும் சிறுவர்களுள் பத்தில் ஒன்பது பேர் வரை இன்று பிழைக்கின்றனர்.

மற்றொரு மருந்தான வின்கிறிஸ்ரின், ஊர் முற்றங்களில் பூக்கும் பட்டிப்பூச் செடியிலிருந்து பெறப்படுவது. அதற்காக இலையை அவித்துக் கொடுப்பது பேராபத்து. எந்த நாட்டு மருந்தையும் மருத்துவரிடம் சொல்லாமல் கொடுத்தலாகாது.

சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் நீளும். இந்நெடும் பயணத்தில் பெற்றோர் ஆற்ற வேண்டியவை எவை?

முதலாவது, உண்மை பேசுதல். "குழப்படி செய்தால் ஊசி போடுவார்கள்" என்று பயமுறுத்துவது எமது வீடுகளில் வழக்கம். அவ்வாறு வளர்ந்த குழந்தை, ஒவ்வோர் ஊசியையும் தண்டனையாகவே கருதும். "நோவாது" என்று பொய் சொல்வதும் தவறு. "கொஞ்சம் நோகும், அம்மா கையைப் பிடித்திருப்பேன்" என்பதே குழந்தைக்குத் தெம்பளிக்கும்.

இரண்டாவது, விழிப்பு. சிகிச்சையால் நோயெதிர்ப்புச் சக்தி குன்றியிருக்கும். மருத்துவமனை குறித்துக் கொடுத்த அளவைக் காய்ச்சல் தொட்டால், நள்ளிரவாயினும் விடியும்வரை காத்திராது உடனே அழைக்க வேண்டும். தடிமன், இருமல் உள்ளவர்கள் எத்துணை நெருங்கிய உறவாயினும் பார்க்க வருவதைத் தவிர்ப்பதே அன்பு.

மூன்றாவது, மொழி. பிரெஞ்சு தெரியாத பெற்றோர், பன்னிரண்டு வயது அக்காவை மொழிபெயர்க்க அழைத்துச் செல்வதுண்டு. தம்பியின் நோயின் பெயரைத் தாய்க்குச் சொல்லும் பாரத்தைச் சிறுமியின் தோளில் ஏற்றலாமா? ஒரு சொல் பிழைத்தால் மருந்தின் அளவே பிழைக்கலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று மருத்துவமனையிடம் கேட்பதில் வெட்கம் வேண்டியதில்லை. இளையோரே, உங்கள் பணி வேறு. உடன் விளையாடுங்கள், கதை படியுங்கள், உங்கள் பயத்தையும் மறைக்காது சொல்லுங்கள்.

நான்காவது, உதவியை ஏற்றல். உயிராபத்தான நோயுற்ற பிள்ளைக்காக 104 வாரங்கள் வரை பணியிலிருந்து விலகியிருக்க கியூபெக் தொழிற்சட்டம் இடமளிக்கின்றது. தகுதியுள்ளோருக்குக் கனடிய வேலைக்காப்புறுதி 35 வாரங்கள் வரை கொடுப்பனவு வழங்குகின்றது. விண்ணப்பிக்கும் முறையை மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேட்டறியலாம். 1978 இல் தொடங்கப்பட்ட லூக்கான் அமைப்பு, புற்றுநோயுற்ற சிறுவர்களின் குடும்பங்களுக்குத் துணைநிற்கின்றது. அதற்கு நிதி திரட்ட மக்கள் தலையை மழித்துக்கொள்கின்றனர். நேர்த்திக்கு மொட்டையடிக்கும் தமிழருக்கு அதன் பொருள் எளிதில் விளங்கும்.

இறுதியாக, அயலவருக்கு ஒரு வேண்டுகோள். நோயுற்ற குழந்தையின் வீட்டுக்குக் கேள்விகளைக் கொண்டு செல்லாதீர்கள். ஒரு நேரச் சோற்றைக் கொண்டு செல்லுங்கள். மற்றப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வாருங்கள். தாய் ஓரிரவு உறங்கினால், மறுநாள் அவள் குழந்தையின் கையை உறுதியாகப் பற்றிக்கொள்வாள்.