மார்வலியும் ரத்தத்தின் சாட்சியும்

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மாரடைப்பையும், அதை ரத்தத்தைக் கொண்டு கண்டுபிடிக்கும் முறையையும் பற்றியதாகும். வைத்தியப் பேச்சுக்கு இங்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். பகுத்தறிவு என்பது மேடையில் பேசுவதற்கு மட்டுந்தானா? உயிர் போகும் நேரத்தில் அது உதவ வேண்டாமா?

நடுநிசியில் ஒருவருக்கு மார்பு இறுகி வேர்த்துக் கொட்டினால் நம் வீடுகளில் நடப்பதென்ன? வாயு என்பார் ஒருவர்; திருஷ்டி என்பார் மற்றொருவர். சுக்குக் கஷாயம் ஒருபுறம், விபூதி ஒருபுறம். கடைசியில் "விடியட்டும், பார்க்கலாம்" என்பதே முடிவு. இத்தனை அபிப்பிராயங்களில் ஒன்றுக்காவது ருசு உண்டா என்று கேட்கிறோம்.

ருசு ரத்தத்தில் இருக்கிறது. இருதயத் தசைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டால் அத்தசை சாகத் தொடங்குகிறது. அதிலிருந்து சில பொருள்கள் கசிந்து ரத்தத்தில் கலக்கின்றன. அப்படிப்பட்ட ஒன்று மாரடைப்புக்காரர் ரத்தத்தில் ஏறியிருப்பதை 1954-ல் நியூயார்க் வைத்தியர்கள் காட்டினார்கள். ஆனால், அது ஈரல் கெட்டாலும் ஏறும். பிறகு வந்த கிரியேட்டின் கைனேஸ், கைகால் தசை நசுங்கினாலும் ஏறும். ஜப்பானிய அறிஞர் எபாஷி 1960-களில் கண்டறிந்த ட்ரோபோனின் என்னும் புரதத்துக்கோ இருதயத்துக்கென்றே தனி வடிவங்கள் உண்டு. ஜெர்மனியில் காட்டுஸும் அவரது கூட்டாளிகளும் 1989-ல் அதை ரத்தத்தில் அளக்கும் முறையை வெளியிட்டார்கள். 2000-ல் ஐரோப்பிய, அமெரிக்க இருதய வைத்திய சங்கங்கள் மாரடைப்பின் இலக்கணத்தையே திருத்தி அதற்கு முதலிடம் கொடுத்தன.

பாருங்கள், தோழர்களே! பெரியவர்கள் கண்ட பரிசோதனை ஆயிற்றே என்று பழையதை யாரும் கட்டிக்கொண்டு அழவில்லை. மேலானது கிடைத்ததும் பழையதை விட்டுவிட்டார்கள். அதனால் பிழைத்த உயிர்கள் பல.

இதிலும் ஒரு குறை இருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே எல்லை வைத்தே வெகுநாள் அளந்தார்கள். சுகமாயிருக்கும் பெண்ணின் ரத்தத்தில் இப்பொருள் ஆணைவிடக் குறைவு. இன்று வழங்கும் நுட்பமான பரிசோதனைகளில் ஒன்றுக்கு ஆண்களின் எல்லை லிட்டருக்கு 34 நானோகிராம். பெண்களுக்கு 16 தான். ஆணின் அளவுகோலால் பெண்ணின் நோயை அளந்தால், அவள் வலியைப் பொய்யென்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவதில்தானே முடியும்?

ஆனால், ட்ரோபோனினையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. வலி கண்டவுடன் ஓடிவந்தவருக்கு முதல் அளவு சரியாகவே இருக்கக்கூடும். பொருள் கசிந்து ரத்தத்தில் தெரிய நேரம் வேண்டும். ஆகவேதான், பரிசோதனையின் நுட்பத்துக்குத் தக்கபடி ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து மறுபடி எடுத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கிறார்கள். சிறுநீரக நோயிலும், இருதயத் தசை அழற்சியிலும்கூட இது உயர்ந்திருக்கும். ஆகையால், எண் மட்டும் தீர்ப்பாகாது. வந்த 10 நிமிஷத்துக்குள் இ.சி.ஜி. எடுத்தாக வேண்டும். அதிலேயே மாரடைப்பு தெளிவாகத் தெரிந்தால், ரத்த முடிவுக்காகக் காத்திராமல் அடைப்பை நீக்கும் சிகிச்சையைத் தொடங்க வேண்டும்.

எவ்வளவு நுட்பமான பரிசோதனையானாலும், ஆஸ்பத்திரிக்கே வராதவர் ரத்தத்தை அது எப்படிப் பார்க்கும்? மார்பில் இறுக்கம், தாடைக்கோ தோளுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வேர்வை, மூச்சுத் திணறல் கண்டால் நல்ல நேரம் பார்க்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். முதல் பரிசோதனை சரியென்றால், "இரண்டாவது எப்போது எடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள், வைத்தியம் இவ்வளவு தூரம் வளர்ந்ததும் கேள்வி கேட்டவர்களால்தான் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம்.