விற்றதையே விலைக்கு வாங்கலாமா?



பயிர்ச் செலவைக் குறைப்பது பற்றி அடிக்கடி பேசுகிறோம். இன்று அடுப்படிச் செலவைப் பற்றிப் பேச விரும்புகிறேன். செலவைக் குறைப்பது என்றால் வயிற்றைக் குறைப்பது என்று பொருளல்ல. பிள்ளைகளின் பருப்பையும் கீரையையும் குறைத்து மிச்சம் பிடிக்கும் பணம் பிறகு மருந்துக் கடைக்குத்தான் போகும். 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை இருந்தது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இருந்தது. ஆகவே, செலவும் குறைய வேண்டும். சத்தும் கூட வேண்டும். உழவர் வீட்டில் இது முடியக்கூடிய காரியமே.

பணம் எங்கே போகிறது?

அறுவடை முடிந்ததும் களத்திலிருந்தே உளுந்து முழுவதையும் விற்றுவிடுகிறோம். எல்லோரும் விற்கும் காலம் என்பதால் விலையும் குறைவு. மூன்று மாதம் கழித்து அதே உளுந்தை மளிகைக் கடையில் கால் கிலோ, அரைக் கிலோவாக வாங்குகிறோம். இடையில் ஏறிய வண்டி வாடகை, தரகு, கடைக்காரர் இலாபம் எல்லாம் நம் கைப்பணம். கையில் காசில்லாதபோது கடன் கணக்கில் எழுதுகிறோம். அந்தக் கடனை அடைப்பதற்காக அடுத்த அறுவடையையும் அவசரமாக விற்கிறோம். ஆண்டுத் தேவையை முதலில் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை விற்றால்தான் இந்தச் சுழலிலிருந்து வெளிவர முடியும்.

எவ்வளவு எடுத்து வைப்பது?

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, ஒருவருக்கு நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம், பயறு வகை 85 கிராம், காய்கறியும் கீரையும் சேர்த்து 400 கிராம், எண்ணெய் 27 கிராம் ஆகியவை உணவில் இடம்பெற வேண்டும். முட்டை, இறைச்சி உண்பவர்களுக்கு அவையும் அந்த 85 கிராமில் அடங்கும். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு மாதம் 10 கிலோ பயறு வேண்டும். இதில் பாதியையாவது சொந்த நிலத்திலிருந்து எடுப்பதானால் ஆண்டுக்கு 60 கிலோ. வரப்பில் உளுந்தும் தட்டைப்பயறும், மானாவாரிக் கடலையில் ஊடுபயிராகத் துவரையும் விதைத்தால் இதற்கெனத் தனி நிலம் ஒதுக்க வேண்டியதில்லை. நியாயவிலைக் கடையில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம் பருப்பையும் தவறாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டு விழாமல் காப்பது

"வைத்தால் வண்டு விழுந்துவிடும்" என்பீர்கள். பல்லால் கடித்தால் 'கடக்' என்று உடையும் வரை பயறை நன்றாகக் காய வையுங்கள். ஆறிய பிறகு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி வீதம் சமையல் எண்ணெய் தடவி, இறுக மூடும் தகர டின்னில் வையுங்கள். பருப்பாக உடைத்து வைத்தாலும் வண்டுத் தாக்குதல் குறையும். பூச்சிமருந்துத் தூளை உணவுப் பயறில் ஒருபோதும் கலக்கக் கூடாது. மருந்திட்ட விதையைத் தனியே, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கடலை விளைவிப்பவர்கள் 40 கிலோ மூட்டை ஒன்றை நிறுத்தி வைத்தால், ஏறத்தாழ 28 கிலோ பருப்பும் அதிலிருந்து 11 லிட்டர் அளவுக்கு எண்ணெயும் கிடைக்கும். நான்கு பேருக்கு மூன்று மாதத்துக்கு இது போதும். புண்ணாக்கு மாட்டுக்கு ஆகும். பூசணம் பிடித்த கடலையை மட்டும் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். அதில் நஞ்சு இருக்கலாம். அதை மாட்டுக்கும் வைக்கக் கூடாது.

கொல்லையும் அடுப்பும்

ஐந்து சென்ட் இடம் இருந்தால் வீட்டுக்கு வேண்டிய காய்கறியில் பெரும்பகுதியை அதிலேயே விளைவிக்கலாம். இடம் குறைவானாலும் ஒரு முருங்கை, ஒரு பப்பாளி, வேலியில் அவரை, ஒரு பாத்தி தண்டுக்கீரை போதும். பாத்திரம் கழுவிய நீரை வாழைக்கு விடுங்கள்.

கீரையைக் கழுவிய பிறகே அரியுங்கள். முருங்கைக் கீரையுடன் எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்து உண்டால் அதிலுள்ள இரும்புச் சத்து உடலில் நன்கு சேரும். உண்டவுடன் காப்பி, தேநீர் குடித்தால் அது தடைப்படும். வடித்த கஞ்சியைக் கொட்டாதீர்கள். வாரம் சில வேளை கேழ்வரகுக் களியோ கூழோ செய்யுங்கள். அரிசியைவிட அதில் சுண்ணாம்புச் சத்து முப்பது மடங்குக்கும் மேல் உண்டு. பிள்ளைக்குக் கடைத் தின்பண்டம் வாங்க நாளொன்றுக்கு 10 ரூபாய் தந்தால் மாதம் 300 ரூபாய் போகிறது. வேகவைத்த கடலையும், பாசிப்பயறுச் சுண்டலும், வெல்லம் சேர்த்த கடலை உருண்டையும் அதைவிட மலிவு, சத்தும் அதிகம்.

நாளையே தொடங்குங்கள்

ஒரு மாதம் கடையில் வாங்கியதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். மாதக் கடைசியில் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து, நம் நிலமே தரக்கூடிய பொருள்களுக்குக் கோடிடுங்கள். அடுத்த பருவத்தில் வரப்பில் எதை விதைப்பது, களத்தில் எத்தனை மூட்டை நிறுத்துவது என்பதை அந்த நோட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வியாபாரி களத்துக்கு வருமுன்பே வீட்டு மூட்டை வீட்டுக்குள் போய்விட வேண்டும். ஊருக்குச் சோறு போடும் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் சோகை பிடித்து நிற்கக் கூடாது.