யாழ் மீட்ட கையெழுத்து

மட்டக்களப்பு வாவிக்கரையிலே, கல்லடி உப்போடைச் சிவானந்த வித்தியாலய வளவில் விபுலாநந்த அடிகள் துயில்கின்றார். 1892இல் காரைதீவிற் பிறந்த அடிகள், வழக்கொழிந்த பண்டை யாழினைப் பல்லாண்டு ஆராய்ந்து, நரம்புகளின் சுருதியைக் கணித்தறிந்தார். யாழ் நூல் 1947 யூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. மறு திங்களிலே அடிகள் மறைந்தார்.

அச்சேறிய நூல் முடிவைக் கூறும். கணக்குக் குறிப்புகளும் கடிதங்களுமே ஆசிரியர் சென்ற வழியைக் காட்டும். ஆராய்ச்சியைத் தொடர்வோர்க்கு அவ்வழியே வேண்டற்பாலது.

ஆனால் உப்புக்காற்றின் ஈரம் தாளை நலிவிக்கும், குண்டூசி துருவேறும், கறையான் காத்திராது. 1978ஆம் ஆண்டுச் சூறாவளியும் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும் இக்கரையைத் தாக்கின. ஆதலின், அடிகளின் கையெழுத்துத் தாள் ஒன்றேனும் வைத்திருப்போர், ஊசி களைந்து, உலர்ந்த பெட்டியிலிட்டு, படியெடுத்து, ஒரு படியை வேற்றூரிற் சேமித்தல் கடனாகும்.

யாழ் ஒருமுறை மறைந்தது. அதனை மீட்ட கையெழுத்தும் மறைதல் ஆகாது.