குதிரைக்கு உரியவர் யார்?

காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களில் விசயநகரக் காலச் சிற்பிகள் பாயும் குதிரைகளைக் கடிவாளமும் சேணமும் விளங்கச் செதுக்கியுள்ளனர். ஆனால் அக்காலத்தில் கடல்வழி வந்த உயிருள்ள குதிரைகள் பட்ட பாடு வேறு. கப்பலில் இறந்த குதிரையின் வாலைக் கொண்டுவந்து காட்டினாலே விசயநகர அரசர் சாளுவ நரசிம்மர் முழு விலையையும் கொடுத்தார் என்று, 16ஆம் நூற்றாண்டில் விசயநகரில் இருந்த போர்த்துகீசியக் குதிரை வணிகர் நூனிஸ் எழுதுகிறார். வாலே சான்றாகிவிட்ட பிறகு, குதிரையை உயிரோடு கரைசேர்க்கும் கவலை வணிகருக்கு எவ்வளவு இருந்திருக்கும்?

குதிரையை அடையாளம் காண்பது இன்று அரிதன்று. மயிர் ஒரு புள்ளியைச் சுற்றி வளைந்து வளரும் இடமாகிய சுழியைத் தமிழகத்தில் ராசி பார்ப்பதற்காக உற்றுநோக்குவர். வாழ்நாள் முழுதும் மாறாத அதே சுழி, நெற்றிச்சுட்டி, கால் வெண்மை ஆகியவற்றோடு சேர்த்து, மேலைநாடுகளின் குதிரைக் கடவுச்சீட்டுகளில் படமாக வரையப்படுகிறது. இவற்றினும் உறுதியானது மைக்ரோசிப். அரிசி மணியளவே உள்ள அச்சில்லு கழுத்தின் இடப்புறத்தில் ஊசியால் செலுத்தப்பட்டு, அதற்குரிய கருவியைக் காட்டியதும் 15 இலக்க எண்ணைத் தருகிறது. இந்தியப் பந்தயக் குதிரைகளுக்கு இத்தகைய அடையாளமும், பெற்றோர் விவரத்தைக் காக்கும் வம்சப் பதிவேடும் உண்டு.

சிக்கல் பந்தயத் திடலுக்கு வெளியே தொடங்குகிறது. உதகமண்டலத் தெருக்களில் குப்பையைக் கிளறித் திரியும் குதிரைகளுள், பருவக் காலத்தில் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்து, மழைக்காலத்தில் அவிழ்த்துவிடப்பட்டவையும் உண்டு. நகராட்சி பிடித்து அடைத்தால், வருமானம் தரும் குதிரைக்கு அபராதம் கட்ட ஆள் வருகிறது. கால் ஒடிந்ததற்கோ வருவதில்லை. தக்க காரணமின்றி விலங்கைக் கைவிடுவதை 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியிருந்தும், உரிமையாளர் பெயர் தெரியாதவிடத்து அது யார்மீதும் பாய இயலாது. சில்லு இருப்பினும், நாலைந்து கைமாறிய பிறகும் பதிவேட்டில் முதல் உரிமையாளரே நின்றால், அவ்வெண் வெறும் எண்ணே.

ஆகவே பதிவு குதிரையோடு நில்லாமல் ஒவ்வொரு விற்பனையோடும் நகர வேண்டும். வண்டியை விற்றால் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றுவதுபோல இதுவும் கட்டாயமாதல் வேண்டும். அதுவரை, குதிரை வாங்குவோர் பணம் கொடுக்குமுன், விற்பவர் பெயரும் குதிரையின் அடையாளங்களும் எழுதிக் கையொப்பமிட்ட தாளைக் கேட்டு வாங்கிக்கொள்வார்களாக.