ஆசிரியை போனால் கூலியும் போகும்



சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் வேலைக்குப் போற தாய்மார்களில் சிலர், மாற்றுத்திறனாளிப் பிள்ளையைத் தொண்டு நிறுவனப் பள்ளியில் விட்டுட்டுத்தான் போறோம். அங்கே பிள்ளைக்குச் சோறூட்டி, நடக்கப் பழக்குறது சிறப்பாசிரியையும் ஆயாவும். மத்திய அரசின் தீனதயாள் மறுவாழ்வுத் திட்டம் அவங்களுக்குக் கொடுப்பது சம்பளம் அல்ல, மதிப்பூதியம். அந்த மானியமும் ஆய்வு, கணக்கு எல்லாம் பார்த்த பிறகே வரும்.

அது தாமதமானா ஆசிரியை வேற வேலை தேடிப் போயிடுவாங்க. பிள்ளை வீட்டிலிருக்கும். அம்மாவுக்குக் கூலி போகும். குழுவில் சேமிப்பும் கடன் தவணையும் நிக்கும். ஆகவே இது நம்ம பிரச்சினை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்தாச்சு. உரிமைன்னா தர்மம் இல்ல. மானியம் காலத்தில் வரணும், பணியாளர் ஊதியம் உயரணும் என்று கிராம சபையில் தீர்மானம் போடுவோம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் விருதுநகர் ஆட்சியரிடம் சேர்ந்துபோய் மனுக் கொடுப்போம்.