கேலண்டர் சீசனும் கரகரக்கும் காலும்: வைஃபையில் குரலுக்கு முன்னுரிமை

இன்னிக்கு வைஃபை பத்திப் பேசப் போறோம். பட்டாசு ஃபேக்டரி வைஃபை இல்லைங்க, மருந்து இருக்கிற இடத்துக்குப் போனே கொண்டுபோகக் கூடாது. நான் சொல்றது சிவகாசி டவுனுக்குள்ள இருக்கிற அச்சக ஆபீஸ்.

ஆடி 18 அன்னிக்குப் புது கேலண்டர் ஆல்பம் வெளியாகும். அதுக்கப்புறம் மார்கழி வரைக்கும் போன் ஓயாது. உள்ள டிசைனர் 300 எம்.பி. ஃபைலை அப்லோடு போட்டிருப்பார். முன்னாடி ஒருத்தர் வைஃபை கால்ல கடைக்காரர்கிட்ட ப்ரூஃப் திருத்தம் கேட்டு எழுதிட்டிருப்பார். சரியா போன் நம்பர் சொல்லும்போது குரல் உடையும். "அண்ணாச்சி, கடைசி நம்பர் ஆறா, ஏழா?" தப்பா எழுதி 5,000 கேலண்டர் அடிச்சுட்டா, அந்தத் தப்பு வருஷம் முழுக்கச் சுவத்துல தொங்கும்.

உடனே பெரிய பிளானுக்கு மாறிடுவாங்க. ஆனா குரலுக்கு வேகம் பெருசாத் தேவையில்லை. பொதுவா 20 மில்லி செகண்டுக்கு ஒரு சின்ன பாக்கெட், பழைய ஜி.711 கோடெக்லகூட 100 கே.பி.பி.எஸ்.க்குள்ள முடிஞ்சிடும். அதுக்கு வேண்டியது காத்திருக்காம போறதுதான். ஒரு வழிக்கு 150 மில்லி செகண்டுக்குள்ள இருக்கட்டும்னு ஐ.டி.யூ. பரிந்துரை சொல்லுது.

காத்திருப்பு ரெண்டு இடத்துல நடக்குது. முதல் இடம் காத்து. வைஃபையில எல்லா கருவியும் அமைதிக்காகக் காத்திருந்து, ஒரு எண்ணை எடுத்து, அதை எண்ணி முடிச்சுத்தான் பேச ஆரம்பிக்கும். 2005-ல வந்த 802.11இ இதுல நாலு வகுப்பு பிரிச்சது. ரவுட்டர்ல டபிள்யூ.எம்.எம்.னு பார்க்கிறது இதைத்தான். சாதா டேட்டா 0-லிருந்து 15 வரைக்கும் ஒரு எண்ணை எடுக்கும். குரல் 0-லிருந்து 3 வரைக்கும்தான். அதனால குரல் பெரும்பாலும் முந்திடும். சில வீடியோல "டபிள்யூ.எம்.எம்.மை ஆஃப் பண்ணுங்க"ன்னு சொல்றாங்க. பண்ணாதீங்க. 802.11என்னுக்கு அது கட்டாயம். ஆஃப் பண்ணினா பல ரவுட்டர் பழைய 54 எம்.பி.பி.எஸ்.க்கு இறங்கிடும்.

ஆனா எது குரல்னு அதுக்கு எப்படித் தெரியும்? பாக்கெட் மேல டி.எஸ்.சி.பி.ன்னு ஒரு முத்திரை இருக்கும். ஐ.பி. போன்கள் வழக்கமா 46 போடும். இதுல ஒரு வேடிக்கை இருக்கு. 46-ஐ பைனரில எழுதினா 101110. பல ஆக்சஸ் பாயின்ட் முதல் மூணு பிட்டை மட்டும் பார்க்கும். 101-ன்னா 5. வைஃபையில 5 வீடியோ வகுப்பு. குரலுக்கு 6 வேணும்! 2018-ல வந்த ஆர்.எஃப்.சி. 8325 இதைத் திருத்தி, 46-ஐ 6-க்கு அனுப்பச் சொல்லுது. உங்க ஆக்சஸ் பாயின்ட்ல க்யூ.ஓ.எஸ். மேப்பிங் இருந்தா முதல்ல அதைப் பாருங்க.

ரெண்டாவது இடம் ரவுட்டர்லிருந்து வெளிய போற லைன். சின்ன ஆபீஸ்ல நிஜக் குற்றவாளி பெரும்பாலும் இதுதான். 20 எம்.பி.பி.எஸ். அப்லோடு லைன்னு வைங்க. மோடத்துல 1 எம்.பி. வரிசை கட்டி நின்னா, பின்னாடி வர்ற குரல் பாக்கெட் 400 மில்லி செகண்ட் காத்திருக்கணும். டபிள்யூ.எம்.எம். இங்க ஒண்ணும் செய்ய முடியாது, அதோட வேலை காத்தோட முடிஞ்சது.

இதுக்கு வழி, அப்லோடு வேகத்தை ரவுட்டர்லயே 18-க்குக் கட்டிடுறது. வரிசை மோடத்துல சேராம ரவுட்டர் கைக்கு வரும். ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி.ல எஸ்.க்யூ.எம். போட்டு 'கேக்' தேர்ந்தெடுங்க. அது ஒவ்வொரு இணைப்பையும் தனித்தனியாப் பிரிச்சு வைக்கும். முத்திரை இல்லாத காலும் பெரிய ஃபைல் பின்னாடி மாட்டாது.

சோதிச்சுப் பார்க்க, ஒரு பெரிய ஃபைலை ஏத்திக்கிட்டே பிங் ஓட விடுங்க. முன்னாடியும் பின்னாடியும் ஒப்பிட்டாலே தெரிஞ்சிடும். 300 எம்.பி. ஃபைல் 120 செகண்டுக்குப் பதிலா 133 ஆகும். அந்த 13 செகண்டுல டிசைனர் அண்ணன் ஒரு வாய் டீ குடிச்சுக்கட்டும்.