‘லயம்’ – ஒரு சொல்லின் இரு வாழ்வு

கவிஞர் கூடிய மன்றத்தில் ‘லயம்’ என்றால் செவி இசையை நாடும். இலங்கை மலையகத்திலோ அது ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. வெள்ளைத் துரைமார் தோட்டத் தொழிலாளர்க்குக் கட்டிய வரிசை அறைகளின் பெயர்.

காப்பித் தோட்டத்திற்குத் தமிழகத்திலிருந்து சென்றவரின் பெயரன் தேயிலைக் காலத்திலும் அங்கேயே பிறந்தான். தந்தை இலங்கையில் பிறந்தவர், அன்றேல் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் எனச் சான்று காட்டுமாறு 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவனைக் கேட்டது. பலருக்குப் பிறப்புப் பதிவே இல்லை. உழைக்க வந்தபோது எவரும் கேளாத சான்று அது!

1964 உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அண்ணன் கப்பலேறத் தங்கை தங்கிய குடும்பங்கள் பல. நாடற்று எஞ்சியோர்க்கு 2003இல்தான் குடியுரிமைச் சட்டம் வந்தது.

லயங்களில் இன்றும் அடுப்பு எரிகிறது. குடியிருக்கும் அறைக்குப் பத்திரம் இல்லாத கொள்ளுப்பேரர்கள், முகவரியில் தோட்டத்தின் பெயரையே எழுதுகின்றனர்.